வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து

என் வீட்டு முன்சுவரில் நோட்டீஸ் ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். சனிக்கிழமை பகல். நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டு வெளியே வந்தால், ஒருவன் வாசல் நிலைக்குப் பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருக்கிறான். கதவைத் தட்டவில்லை. உள்ளே ஆள் உண்டா என்று கேட்கவில்லை. மதில்சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு இருக்கிற கூச்சம்கூட அவனிடம் இல்லை.

“என்னது இது?” என்றேன்.

“கம்பெனி நோட்டீஸாக்கும். லோண் அடைக்காததுக்கு வீட்டைக் கம்பெனி எடுக்குது,” என்றான் பசைக்காரன். இன்னொருவன் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “சேச்சி, அதுக்க பக்கத்துல இத்திரி நில்லுங்க. போட்டோ எடுக்கணும்,” என்றான்.

நான் போய் நின்றேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. கையில் கிழங்குத் தோலோடு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் குரூப் போட்டோ எடுக்க நிற்பதுபோல, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். “கொஞ்சம் வலத்தோட்டு,” என்றான். வலப்பக்கம் நகர்ந்தேன். அவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். என் படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே, அடுத்த நோட்டீஸ் அமரவிளையில் ஒட்ட வேண்டும், அந்த வீட்டில் நாய் உண்டு என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு நோட்டீஸைப் படித்தேன். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருந்தது. என் வீட்டுப் பெயரில் எழுத்துப்பிழை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேரளத்துப் பாறசாலைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், தினக்கூலிக்கு. அதனால் பிழை முதலில் கண்ணில் பட்டது. அர்த்தம் பிறகுதான் தலைக்குள் ஏறியது.

வீடு என் பெயரில் உள்ளது. நிலம் அப்பா எனக்குத் தந்தது. அதில் என் கணவர் மினி லாரி ஓட்டிய பணத்திலும் நான் ட்யூஷன் எடுத்த பணத்திலும் பல வருடமாகக் கட்டிய வீடு. அதை வைத்துக் கடன் வாங்கியது நாங்கள் அல்ல. கணவரின் தம்பி. கள்ளிக்காட்டில், அணைக்கட்டுப் பக்கம், டூரிஸ்டுகளுக்கு மீன் பொரித்துக் கொடுக்கும் ஹோட்டல் தொடங்கப் போவதாக வந்தான். ஒரு தனியார் கடன் கம்பெனி பணம் தரும், ஈடாக வீட்டின் ஆதாரம், அதாவது பத்திரம், வேண்டும் என்றான்.

“மைனி, நிங்க ஒரு கையெழுத்து போட்டா போரும். ஆறு மாசத்துல ஆதாரத்த மீட்டு உங்க கையில தருவேன்,” என்றான்.

நான் தயங்கினேன். கணவர் என் முகத்தைப் பார்க்காமல், “அவன் எனக்க கூடப்பிறந்தவனாக்கும். அவனுக்குச் செய்யாம ஊரானுக்கா செய்யப்போறோம்?” என்றார். நான் டீச்சர். பிள்ளைகளிடம் தினமும், வாசித்துவிட்டு எழுது, வாசித்துவிட்டு எழுது என்று சொல்கிறவள். கம்பெனி ஆபீசில் நாற்பது இடத்தில், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஹோட்டல் ஒரு வருடம்கூட ஓடவில்லை. ஓணம் கழிந்த ஒரு வாரத்தில் தம்பி துபாய்க்குப் போய்விட்டான். போகிறேன் என்று சொல்லவில்லை. கம்பெனியில் இருந்து முன்பே பதிவுத்தபால் வந்திருந்ததும் எனக்குத் தெரியாது. கணவர் கையெழுத்திட்டு வாங்கி, பீரோவில் லாரியின் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். சுவரில் நோட்டீஸ் ஒட்டிய அன்றுதான் அதை எடுத்துத் தந்தார்.

“ஏன் காட்டல்ல?” என்று கேட்டேன்.

“நீ சத்தம் போடுவேன்னு பயந்தேன்,” என்றார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது, இருபது வருடம் கூட வாழ்ந்தவரிடம் எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பனியனின் வியர்வை நாற்றம் மட்டும் தாங்க முடியாமல் வந்தது. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

எங்கே போய் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வார்டு மெம்பரிடம் போனேன். அவர் நோட்டீஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது வக்கீலுக்க வேலையாக்கும் டீச்சரே. நமக்கு வேண்டிய ஒரு ஆளு உண்டு. நான் விளிச்சுச் சொல்லுதேன்,” என்றார்.

அந்த வக்கீலின் வீடு அதியன்னூரில். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். முதல் தடவை நாங்கள் போனபோது அவர் புட்டும் பழமும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. இடது கையால் என் காகிதங்களை வாங்கி, சாப்பிட்ட கையின் விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கம்பெனிக்குப் போகாமல் என்னிடம் இருந்த, அப்பா நிலம் வாங்கிய பழைய ஆதாரத்தின் ஓரத்தில் பழத்தின் ஈரம் பட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நோட்டை அப்படித் தொட்டால் கையைக் கழுவிவிட்டு வா என்று அனுப்புவேன்.

“டீச்சர் ஒண்ணும் பயப்படாண்டாம்,” என்றார். “எர்ணாகுளத்துல இதுக்கெண்ணு ஒரு கோர்ட்டு உண்டு. கேஸ் போட்டா ஸ்டே கிட்டும். ஒருத்தனும் உங்க வீட்டுப் படி ஏறமாட்டான்.”

பத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “இதுல ஒண்ணும் எழுதல்லியே?” என்றேன்.

அவர் சிரித்தார். வாய்க்குள் புட்டு தெரிந்தது. “எழுதவேண்டியது எனக்க வேலையல்லே? உங்க வேலை ஒப்பு இடுதது.”

இரண்டாம் தடவையும் வாசிக்காமல் போட்டேன். வாசிக்க அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் வித்தியாசம். கழுத்தில் கிடந்த சங்கிலியை அடகு வைத்து ஃபீஸ் கொடுத்தேன். அசல் காகிதங்களும் அவரிடமே இருக்கட்டும் என்றார். கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, “கேஸ் ஃபயல் பண்ணியாச்சு,” என்று போனில் ஒரு நம்பர் சொன்னார். என் டைரியில் எழுதிவைத்தேன். அடுத்த மாதம் “ஸ்டே கிட்டியாச்சு” என்றார். ஆர்டரின் நகல் கேட்டேன். “வரும், வரும்.” நான் போகும்போதெல்லாம் செலவுக்கு ஏதாவது கேட்பார். டைப்பிங், தபால், எர்ணாகுளம் போய்வர ரயில். நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே ஒரு போட்டோஸ்டாட் கடை உண்டு. அங்கே அதே காகிதங்களை எத்தனையோ தடவை நகலெடுத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தனியாக அழைத்து, பெற்றோர்கள் பேசிக்கொள்கிறார்கள், வீட்டு விஷயத்தைச் சீக்கிரம் தீர்த்துக்கொள்வது பள்ளிக்கூடத்துக்கும் நல்லது என்றாள். கணவரின் அக்கா ஒருநாள் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சாயா குடித்துவிட்டு உள்ளறைக்குப் போய், எங்கள் இரும்பு பீரோவின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

“எட்டீ, வாடக வீட்டுக்குப் போனா இது உள்ள ஏறாது கேட்டியா. எனக்க வீட்டுல இடம் கெடக்கு. நாளைக்கு வண்டி விடட்டா?”

“வேண்டாம் மைனி,” என்றேன்.

“துரு புடிச்சுப் போவும். உனக்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

அவள் போனபிறகு பீரோவின் கைப்பிடியைத் துணியால் துடைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கெல்லாம் மேலே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால், வெளியே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே ஒரு ஆணும் பெண்ணும். கணவர் அடுக்களை வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். “வக்கீல் சார் அனுப்பினதாம். ஒரு வேள கேஸ் தோத்தா, ஏலத்துல போவுததுக்கு முன்ன நாமளே விக்கலாம்னு. சும்மா பாத்துட்டுப் போவாங்களாம்,” என்றார் தாழ்ந்த குரலில்.

அந்த ஆள் டேப் பிடித்து என் அடுக்களையை அளந்தான். கிணற்றின் மூடியைத் திறந்து உள்ளே துப்பினான். எச்சில் விழுகிற சத்தத்தை வைத்து ஆழம் பார்த்தானாம். அவன் பெண்டாட்டி குளியலறைக் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். என் தலையணையை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, “ஜன்னல் சின்னது. இடிச்சு வலுதாக்கணும்,” என்று புருஷனிடம் சொன்னாள். நான் அந்த அறையிலேயே நிற்கிறேன். என்னிடம் பேசவில்லை. போகும்போது மட்டும், கறிவேப்பிலை மரத்தைக் காட்டி, “இத்திரி ஒடிச்சோட்டா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு கொப்பையே முறித்தாள்.

அன்று நான் சோறு உண்ணவில்லை. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு வற்றும்வரை இறைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் கோர்ட்டில் இருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டைக் காலி செய்து கம்பெனியிடம் ஒப்படைக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகக் கோர்ட் நியமித்திருக்கிறது, பதினைந்து நாளில் அவர் போலீஸோடு வருவார், அதற்குள் நாங்களே காலி செய்தால் நல்லது என்று இருந்தது. எனக்குப் புரியவில்லை. ஸ்டே இருக்கும்போது இது எப்படி? வக்கீலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே அதியன்னூருக்குப் போனேன். முன்னறை பூட்டியிருந்தது. வீட்டின் பக்கவாட்டில் துணி உதறும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றவள், என் கட்டிலில் உட்கார்ந்து பார்த்த அந்தப் பெண்.

அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் உள்ளே திரும்பி, “அண்ணா, அந்த டீச்சராக்கும் வந்திருக்குது,” என்று கூப்பிட்டாள்.

அவர் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் வெட்கம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். எரிச்சல்தான் தெரிந்தது. “விளிக்காம வரப்பிடாது டீச்சரே. இது வீடாக்கும்.”

“எனக்கும் ஒரு வீடு உண்டு,” என்றேன். “ஸ்டே ஆர்டர் எங்க?”

“அதெல்லாம் பேசலாம். நல்ல விலைக்கு ஒரு பார்ட்டி கையில உண்டு. கமிஷனர் வருததுக்கு முன்ன குடுத்தா உங்க கையிலயும் ஏதாவது நிக்கும். நல்லதுக்குச் சொல்லுதேன்.”

பார்ட்டி அவருக்குப் பின்னால் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்று இருந்தது. கமிஷனர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

பஸ் பிடித்து நெய்யாற்றின்கரையில் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் போட்டோஸ்டாட் கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரி என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவள். கமிஷனர் கடிதத்தை நகலெடுக்கக் கொடுத்தேன். அவள் மெஷினில் வைக்காமல் அதையே பார்த்தாள்.

“டீச்சரே, மேல இலவச சட்ட ஆபீஸுக்குப் போனியளா?”

“அது எங்க?”

“இந்தா எதிர, கோர்ட்டுக்குள்ளதான். மாடியில ஒரு முறி. பொம்பளைகளுக்குக் காசே வேண்டாம். சம்பளம் எவ்வளவுன்னுகூடக் கேக்கமாட்டாங்க.”

“நீ இத்தன நாளும் சொல்லல்லியே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நிங்க அந்த வக்கீலுக்க ஆளுன்னு நெனச்சேன். அவரு எனக்குத் தினமும் வேலை தருத ஆளு. ஒண்ணு சொல்லி அவரு காதுல விழுந்தா எனக்க கடைக்குக் கேடு.” பிறகு, “வீடு போவுதுன்னு இதப் பாத்த பெறவு சும்மா இருக்க முடியல்ல டீச்சரே. போங்க, போயி வாங்க. இந்த நகலுக்குக் காசு வேண்டாம்,” என்றாள்.

மாடிப்படியின் கீழே போர்டு இருந்தது. மலையாளத்தில் பெரிய எழுத்து. எத்தனையோ தடவை அதன் கீழே குடையை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த அறையில் இருந்த வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல ஜலதோஷம். மேசைமேல் கைக்குட்டை, ஆவி பிடிக்கும் மாத்திரை, ஆறிப்போன சாயா. என் கதையை நான் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தி, “கதை பின்ன. பேப்பர் தரூ,” என்றார். வாசித்தார். விரலை நாக்கில் தொடவில்லை. ஒரு பென்சிலின் பின்முனையால் பக்கங்களைத் தள்ளினார். அதைப் பார்த்தே எனக்கு அழுகை வந்தது.

டைரியில் இருந்த கேஸ் நம்பரைக் கேட்டார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பினாள். அந்த நம்பரில் ஒரு கேஸ் இருக்கிறது. கொல்லத்துப் பக்கம் ஏதோ ஒரு ஐஸ் கம்பெனியின் கேஸ். என் பெயரில் எந்தக் கோர்ட்டிலும் ஒன்றும் இல்லை.

“நோட்டீஸ் ஒட்டின நாள் முதல் கேஸ் போட நாற்பத்தஞ்சு நாள் டைம் உண்டாயிருந்நு,” என்றார் வக்கீலம்மா. “அதை முழுவதும் அவன் தின்னு தீர்த்து.” மூக்கைச் சிந்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “டீச்சரல்லே நிங்கள்? வெள்ளப் பேப்பர்ல ஒப்பு இடுமோ? குட்டிகளை எந்தா படிப்பிக்குந்நது?”

வேறு யார் அப்படிக் கேட்டிருந்தாலும் நான் எழுந்து போயிருப்பேன். அவர் திட்டுவதில் ஒரு கணக்கும் இல்லை, ஒரு கபடமும் இல்லை. அத்தனை மாதத்தில் என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆள். திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கமிஷனர் வர பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் இதேபோல ஒரு இலவச சட்ட ஆபீஸ் உண்டு, அங்கே பேசி ஒரு வக்கீலை ஏற்பாடு செய்கிறேன் என்றார். கடனை ஒத்துக்கொள், ஒளிக்காதே, தவணையாகக் கட்டத் தயார் என்று கேள், அதுதான் இப்போது ஒரே வழி என்றார். “கடன் நான் வாங்கல்லியே” என்று நான் சொன்னபோது, “ஒப்பு உங்களது,” என்று பென்சிலால் என் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டே வார்த்தை. தம்பிமேலும் கணவர்மேலும் நான் கட்டிவைத்திருந்த பழியெல்லாம் அதில் பாதி சரிந்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது உண்மை.

கோர்ட்டுக்குக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை வாசிக்கச் சொல்லி, நான் வாசித்து, புரியாத இடத்தைக் கேட்டு, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட விட்டார். ஒன்றரை மணிநேரம் ஆனது. அவருடைய மதியச் சாப்பாடு மேசையிலேயே கிடந்தது.

கமிஷனர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது. மூன்று வாரத்துக்குள் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும், மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம், அதுவரை வீட்டைத் தொடக்கூடாது, ஒரு தவணை தவறினாலும் கம்பெனி மேற்கொண்டு நடத்தலாம் என்று உத்தரவு. என் வீட்டைக் காப்பாற்றிய கோர்ட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எனக்காகப் பேசிய வக்கீலின் முகமும் தெரியாது.

முதல் பகுதிக்கு வீட்டின் பின்னால் இருந்த மூன்று சென்டை விற்கலாம், அதற்குக் கம்பெனியின் சம்மதத்தை நான் வாங்கித் தருகிறேன் என்றார் வக்கீலம்மா. வாங்கியும் தந்தார். நிலத்தை வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். என் அவசரம் தெரிந்து விலையைக் குறைத்தார். அதன் பிறகும், மரம் வெட்டுகிற கூலியையாவது நாங்கள் தர வேண்டும் என்று இரண்டு நாள் வாசலில் நின்றார். கொடுத்தேன். பலாமரம் போனது. அந்த மரத்தில் அவர் வீட்டுக்கும் வருடா வருடம் பழம் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதியன்னூர் வக்கீல்மேல் புகார் எழுது என்றார் வக்கீலம்மா. எனக்கு மலையாளத்தில் நீளமாக எழுத வராது, இங்கிலீஷ் அதைவிட மோசம் என்றேன். “தமிழ் அறியுமல்லோ. தமிழில் எழுதிக்கோ. மாற்றி எழுதுந்ந காரியம் ஞான் நோக்கிக்கோளாம்,” என்றார். ஏழு பக்கம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே பிழையில்லாத ஏழு பக்கம் அதுதான். ஒவ்வொரு தேதியும் ஒவ்வொரு பொய்யும் எழுதினேன். புட்டும் பழமும் எழுதினேன். அதை மட்டும் அவர் அடித்துவிட்டார்.

புகார் போன பத்தாம் நாள் வார்டு மெம்பர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். என் அசல் காகிதங்கள் முழுவதும் அதில் இருந்தன. வெள்ளைத்தாள்களும் இருந்தன, எட்டு. மீதி இரண்டு எங்கே என்று கேட்டேன். “டீச்சரே, எல்லாம் நம்ம ஆளுகள்தான். இனி அத விட்டுடுங்க,” என்றார். அவர் என் வாசலில் சிரித்துக்கொண்டே நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. புகாரை விடவில்லை. அது இன்னும் விசாரணையில் கிடக்கிறது. கூப்பிட்டால் போவேன்.

சில மாதத்துக்கு முன்னால், ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஹாலில் பெண்களுக்குச் சட்ட விழிப்புணர்வு வகுப்பு என்று போட்டிருந்தார்கள். பேச வந்தவர் அதே அதியன்னூர் வக்கீல். எனக்கு முதலில் தெரியாது. தெரிந்தபிறகு எழுந்து போக மனமில்லை. மெம்பர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அரைமணிநேரம், பெண்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன்.

“சார், வக்கீல் கேஸ் போட்டேன்னு ஒரு நம்பர் தந்தா, அது நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?”

ஹாலில் விஷயம் தெரிந்தவர்கள் பாதிப்பேர். அவர் என்னைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

“நல்ல கேள்வி,” என்றார். பிறகு நிதானமாக, எந்த வெப்சைட்டில் போக வேண்டும், நம்பரை எப்படிப் போட வேண்டும், ஆர்டரின் நகலை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்கு முன்வரிசையில் மூன்று பெண்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர் வெளிறுவார், உளறுவார் என்றெல்லாம் நினைத்துத்தான் நான் எழுந்தேன். என் கேள்வியை அவர் தன் பேச்சுக்கு ஒரு மாலை மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு பருப்புவடையும் சாயாவும் கொடுத்தார்கள். எல்லோரும் தின்றார்கள். நான் வெளியே வந்து ரோட்டோரத்தில் காறித் துப்பினேன்.

போன கிறிஸ்துமஸுக்குத் தம்பி துபாயிலிருந்து வந்தான். முன்பே சொல்லாமல், ஒரு மாலையில், பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றான். சென்ட் வாசனை அடுக்களைவரை வந்தது. கணவர் நாற்காலி எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

“மைனி எங்க? மைனிக்கு ஒரு வாட்ச் கொண்டு வந்திருக்கேன்,” என்றான்.

நான் வெளியே வந்தேன். “இந்த மாசத் தவணைக்கு நாளாக்கும் நாளைக்கு. வாட்ச் வேண்டாம். தவணையக் கட்டிட்டுப் பேசு,” என்றேன்.

அவன் சிரித்தான். “அதுக்குத்தான் கோர்ட்டுல தவண கிட்டிச்சுல்லா? அண்ணன் சொன்னான். பின்ன என்ன அவசரம்? எனக்கு இப்ப இத்திரி டைட்டாக்கும் மைனி.”

“எலே,” என்றேன். அவனை நான் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “இது எனக்க வீடு. எழும்பு.”

அவன் அண்ணனைப் பார்த்தான். கணவர் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து, பையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். விடுமுறை முடியும்வரை அங்கேதான் இருந்தான்.

“நீ செய்தது சரியில்ல,” என்றார் கணவர். அவரும் ஒரு வாரம் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டார். பிறகு வந்தார். மறுநாள் விடியுமுன்னே வண்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குலை ஏற்றப் போனார். அந்த மாதக் கடைசியில் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “பாதியாவது நான் தாறேன்,” என்றார். அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் தருகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். எங்களுக்குள் பேச்சு உண்டு. ஆனால் அவர் கொண்டுவந்து தரும் எந்தக் காகிதத்தையும், ரேஷன் கடைச் சீட்டானாலும் சரி, முழுவதும் வாசித்த பிறகுதான் கீழே வைக்கிறேன். அவரும் நான் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.